ஐந்தை நோக்கி

நாட்டின் பொருளாதாரம் அடுத்த காலாண்டில் எந்தப் பக்கம் தலை சாய்க்கும் என்று சொல்லும் பொறுப்பில் இருந்தவளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பாப்பாவுக்கு வயது நாற்பத்தேழு. முன்னந்தலை நரைத்து, கண்ணாடி ஏறி, முட்டி வலிக்கு மாத்திரை விழுங்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பேர் அவளை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் அவள் மேடம். மேடம் பாப்பாவாக மாறுவதற்கு, அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் போதும்.

முன்கணிப்பு அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தது. பொருளாதார மந்தம் வந்த புதிதில், செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததிலிருந்து லிஃப்ட் பழுது பார்க்கப்படவில்லை. அது கீழே இறங்கும், ஏறாது. ஆகவே மீட்சி வந்துவிட்டது என்று எழுத வேண்டியவர்கள் தினமும் காலையில் படியேறி வந்து, நாற்காலியில் சாய்ந்து, மூச்சு திரும்பிய பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள்.

அலுவலகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் மேல்நோக்கு. எந்த எண்ணைக் காட்டினாலும் அதில் ஒரு மேல்நோக்கிய போக்கைக் கண்டுபிடிக்காமல் அவர் தேநீரைத் தொடமாட்டார். நாடு தலைகுப்புற விழுந்துகொண்டிருந்த வருடத்திலேயே, விழுகிற வேகம் குறைந்திருப்பதை மேல்நோக்கிய அறிகுறி என்று எழுதி, அமைச்சரிடம் நல்ல பேர் வாங்கியவர். இப்போது உண்மையிலேயே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்திருந்தது நாடு. வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் எண்ணை வாசிக்கும். மின்சாரப் பயன்பாடு கூடியிருக்கிறது என்றார் மின்சாரம் பார்ப்பவர். வெயில் அதிகம், வீட்டுக்கு வீடு விசிறி ஓடுகிறது என்று அவர் சேர்ப்பதற்குள், "தேவை பெருகுது" என்று மேல்நோக்கு குறித்துக்கொண்டார். சிமெண்ட் விற்பனை ஏறியிருந்தது. அதில் முக்கால்வாசி அமைச்சகத்துக்கே புதுக் கட்டடம் எழும்புவதால் வந்தது. "முதலீடு பெருகுது." துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் குவிந்து கிடந்தன, எடுக்க ஆளில்லாமல் கிடக்கின்றன என்று ஒரு குரல் முனகியது. "கையிருப்பு பெருகுது."

இந்த முறை தலைவருக்கு ஒரு குறிப்பிட்ட தேவை இருந்தது. வளர்ச்சி ஐந்து சதவீதம் என்று வர வேண்டும். அமைச்சர் கூட்டங்களில் பேசும்போது கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டப் பிரியப்பட்டார். நாலேகால் என்று காட்ட மனிதக் கையில் வசதி கிடையாது.

ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தது பாப்பாவின் பிரிவுதான். அவள் பார்த்தது நம்பிக்கைக் குறியீடு. மாதம் ஒருமுறை அவள் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் நாடு முழுக்க நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசி, அடுத்த மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். மேம்படும், அப்படியே இருக்கும், மோசமாகும்: மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பதில்களைக் கூட்டிக் கழித்து ஒரு எண் வரும். ஐம்பதுக்கு மேல் என்றால் ஊர் தைரியமாக இருக்கிறது என்று பொருள். கீழே என்றால் நடுங்குகிறது. ஒன்றரை வருடமாக நடுங்கிக்கொண்டிருந்த எண், போன மாதம் ஒரே தாவாகத் தாவி ஐம்பத்தேழில் போய் உட்கார்ந்துவிட்டது.

தாவியதற்குக் காரணம் அட்டைப்பெட்டிக்காரர்கள். பல வருடங்களுக்கு முன் பாப்பா ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். சோப்போ செருப்போ பிஸ்கட்டோ, எதைச் செய்தாலும் பெட்டியில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே சரக்கு பெருகப்போவது வேறு எவருக்கும் முன்னால் பெட்டி செய்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே அவர் பதிலுக்கு மற்றவர் பதிலைவிட அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கேடயம் இப்போது அவள் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதிக மதிப்பு மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

அறிக்கை வெளியாக இன்னும் பத்து நாள் இருக்கும்போதே ஐந்து என்ற பேச்சு செய்தித்தாள்களில் கசிந்தது. எப்படிக் கசிந்தது என்று மேல்நோக்கு மிகவும் வருத்தப்பட்டார். கசிந்த செய்தியில் அவருடைய படம் நன்றாக விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.

அண்ணனும் பெட்டி செய்பவர்தான். ஊர் எல்லையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு மெஷின். மந்தம் வந்தபோது இரண்டாவது மெஷினை நிறுத்தி, அதில் வேலை செய்த எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அனுப்பிய அன்று அவர் ஒரு வார்த்தையும் கூடக் குறையப் பேசவில்லை. அதன் பிறகுதான் ஒடுங்கிப்போனார். அந்த எட்டுப் பேரில் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் குடை பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. கொட்டகைக்குச் சுற்றுவழியாகப் போய் வருகிறார். மழை வந்தால் நனைந்துகொண்டு வருகிறார். குடை கம்பி உடைந்து கிடக்கிறது. சரி பண்ண வழியில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலிலேயே நின்றார். சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். இரண்டாவது மெஷினை ஓட்டப்போகிறார். எட்டுப் பேரையும் வெள்ளிக்கிழமை வரச்சொல்லி ஆள் அனுப்பியாகிவிட்டது. வேலை திரும்ப வந்ததை அவர்களிடம் நேரிலேயே சொல்ல வேண்டும் என்று ஆசை.

"ஆர்டர் வந்துடுச்சாண்ணா?" என்றாள் பாப்பா.

"வரும்."

"யாரு கேட்டிருக்காங்க?"

"இன்னும் யாரும் கேக்கல. அதான் வரும்னு நீயே சொன்னியே."

அவள் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. தான் எப்போது சொன்னோம் என்று கேட்டாள். போன மாதம், இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள் என்றார் அண்ணன். அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் இறங்கவில்லை. அண்ணி கண்ணால் ஜாடை காட்டினாள், ஏதாவது சொல்லேன் என்று. பாப்பா சொன்னாள்: "போகப்போக நல்லா இருக்கும்ணா, சாப்பிடு." காய்ச்சல்காரரிடம் எல்லோரும் சொல்கிற அதே வார்த்தை. அதற்குப் பின்னால் ஒரு எண்ணும் கிடையாது.

"உங்க அண்ணனுக்குப் பல் வலிச்சாலும் டாக்டர்கிட்ட போகமாட்டார்," என்றாள் அண்ணி. "பாப்பா வரட்டும், அது பாத்துச் சொல்லும்பார்."

அண்ணன் சிரித்தார். உற்சாகத்தில் அவருக்கு மேலும் சொல்ல வேண்டியிருந்தது. பாப்பா ஆபீஸ் பெண் ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாளாம். பெயர் சொல்லாமல், உறவும் காட்டாமல், சட்டப்படி பதில் சொன்னாராம். "அடுத்த மூணு மாசம் எப்படின்னா எனக்கென்ன ஜோசியமா தெரியும்? உள்ள இருக்கிறவளே நல்லா இருக்கும்னு சொல்லிட்டா. மேம்படும்னேன்."

பாப்பாவும் சிரிக்கத்தான் போனாள்.

"நான் மட்டுமா? எங்க பெட்டிக்காரர் சங்கத்துல அத்தனை பேருக்கும் அந்த ஃபோன் வந்துச்சு. சனிக்கிழமை தேநீர்ல எல்லாரும் என்னைத்தான் சுத்திக்கிட்டாங்க. உன் தங்கச்சி என்னய்யா சொல்லுதுன்னு. சொன்னேன். அத்தனை பேரும் மேம்படும்தான்." அவர் பெருமையோடு தங்கையைப் பார்த்தார். "இப்ப பேப்பர்லயும் அஞ்சுன்னு வந்துடுச்சு. நீ சொன்னது அப்படியே பலிச்சிருச்சு பாத்தியா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைகள் பாப்பா நிறையக் கேட்டிருக்கிறாள். குரங்கு தன் வாயிலிருந்தே குதித்து, சங்கத்தில் தேநீர் குடித்து, தொலைபேசி வழியாக ஆறாவது மாடிக்கு ஏறி, செய்தித்தாளில் இறங்கி, திரும்ப அண்ணன் சாப்பாட்டு மேசைக்கே வந்து உட்காரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆறாவது மாடியிலிருந்து படியிறங்கி வந்ததா, லிஃப்டிலா என்றுகூடத் தெரியவில்லை.

"ஒரு தடவ அனுப்பிட்டேன் பாப்பா," என்றார் அண்ணன், கையைக் கழுவிக்கொண்டே, தணிந்த குரலில். "ரெண்டாவது தடவ அந்த எட்டு மூஞ்சிய பாத்து அனுப்ப என்னால ஆகாது. அதான், உன் வாயால கேட்டுட்டுத்தான் செய்யறேன்."

அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மழித்த முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, முதலில் கணக்கைத் திருத்துவோம், பிறகு அண்ணனிடம் போவோம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, மேல்நோக்கின் அறைக்குப் போனாள். பெட்டிக்காரர்களை நீக்கிவிட்டுப் போட்டால் குறியீடு நாற்பத்தொன்பது. அதை வைத்துக் கணக்கை ஓட்டினால் வளர்ச்சி நாலு சொச்சம். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மேல்நோக்கு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, நம்பிக்கை எங்கிருந்து வந்தால் என்ன மேடம், வந்ததுதானே முக்கியம் என்றார். மழை எந்த மேகத்திலிருந்து வந்தது என்று பயிர் கேட்கிறதா? அண்ணன் தங்கைக்குள் பேசிக்கொள்வதும் சந்தைத் தகவல்தான். அமைச்சர் விரலை விரித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். இப்போது போய் ஒரு விரலை மடக்கச் சொல்வது யார்?

பாப்பா அசையவில்லை. தன் பெயரில் போகிற பக்கத்தில் அந்த எண் போகாது என்றாள். அவள் இப்படிப் பேசுவது வழக்கமில்லை. அவர் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"மேடம், என் பையன் படிப்பை முடிச்சதிலேர்ந்து வீட்லதான் இருக்கான்," என்றார், கூட்டத்தில் ஒருபோதும் கேட்காத ஒரு குரலில். "தினம் காலைல நான் சட்டைய மாட்டும்போது கேக்கறான், அப்பா எப்ப சரியாகும்னு. நாட்டுக்கே சொல்ற ஆள் நான். அவன்கிட்ட போய் நாலு சொச்சம்னு சொல்லச் சொல்றீங்களா?"

பாப்பாவுக்கு அந்த மனிதர்மேல் முதன்முறையாகக் கோபம் போய் வேறு என்னமோ வந்தது. இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறார்கள். அவள் அண்ணனுக்குச் செய்தாள், அவர் மகனுக்குச் செய்கிறார். அவருக்கு அச்சகம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியில் நாலு புள்ளி இரண்டு என்று முடிவாயிற்று. பெட்டிக்காரர்கள் நீக்கப்பட்டதற்கான காரணம் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் படிக்கும் அளவில் போகும். முகப்பை மட்டும் தலைவர் விட்டுக்கொடுக்கவில்லை. அறிக்கைக்கு அவரே தலைப்பு வைத்தார்: "ஐந்தை நோக்கி."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பாப்பா கொட்டகைக்குப் போனாள். அண்ணன் நின்றுபோன மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டடை தட்டியிருந்தார். சுவரில் எட்டுக் கொக்கிகளில் எட்டு மேலங்கிகள் துவைத்துத் தொங்கின. அவற்றைப் பார்த்ததும் அவள் பேச வந்ததில் பாதி நழுவிப் போயிற்று. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சொல்லி முடித்தாள். அன்றைக்கு அவர் சாப்பிட வேண்டுமே என்றுதான் சொன்னது. அது தகவல் இல்லை. அவர் சொல்லித்தான் சங்கம் சொன்னது, சங்கம் சொல்லித்தான் ஐந்து வந்தது. அடியில் ஒன்றுமில்லை.

அண்ணன் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். கோபப்பட்டுவிட்டால் பரவாயில்லை என்று அவள் காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை.

"நானும் யாருகிட்டயும் கேக்கல பாப்பா," என்றார். "சோப்புக்காரம்மாவ, பிஸ்கட்காரர, ஒருத்தரையும் கேக்கல. ஃபோனைக் கையில எடுப்பேன். வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா? வெச்சிருவேன். உன்கிட்ட கேட்டா நீ வேணாம்னு சொல்லமாட்ட. அது தெரிஞ்சுதான் கேட்டேன்."

பாப்பா தரையைப் பார்த்தாள். பிறகு கைப்பையை ஓரமாக வைத்தாள். சரி, இப்போது கேட்கலாம் என்றாள். தொலைபேசியில் ஊரையே கேட்பதுதானே அவள் பிழைப்பு. நான் பக்கத்தில் இருக்கிறேன், நீ கூப்பிடு.

முதலில் பிஸ்கட்காரர். அண்ணன் சுற்றி வளைத்து நலம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் அடுத்த மூன்று மாதத்துக்குப் பெட்டி எவ்வளவு வேண்டியிருக்கும் என்று கேட்டார். ஒலிபெருக்கியில் பிஸ்கட்காரர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது: "அதையே நான் உங்கள கேக்கலாம்னு இருந்தேன். உங்க தங்கச்சி என்ன சொல்றாங்க?"

செருப்புக் கம்பெனிக்காரர் அதைவிட மேல். எல்லோரும் ஐந்து என்கிறார்களே, மற்ற ஊர்க்காரர்கள் பெட்டி எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தோல் வாங்கலாம் என்று இருக்கிறாராம். மூன்றாவது ஆள் எடுக்கவே இல்லை. நான்காவது ஆள் எடுத்து, தான் இல்லை என்று தானே சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாடு முழுக்க ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, தன் வீட்டு விளக்கை ஏற்றாமல் இருட்டில் நிற்பதாகப் பாப்பாவுக்குத் தோன்றியது. இதற்குக் குறியீட்டெண் போட்டுக் கேடயமும் வாங்கியவள் அவள்தான்.

சோப்புக்காரம்மாவைக் கூப்பிட அண்ணன் தயங்கினார். பெரிய வாடிக்கை, கடைசி நம்பிக்கை. பிறகு அவரே எண்களை அழுத்தினார். இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. எட்டுப் பேரை நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறேன், அவர்களிடம் சொல்ல ஏதாவது உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அந்தம்மா கணக்கு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "முன்ன எடுத்தது மாதிரி முடியாது," என்றாள். "பாதி எடுக்கறேன். அதை எழுதிக்கூடத் தரேன். மீதிக்கு என்கிட்ட வாக்கு கேக்காதீங்க, நானே எனக்கு வாக்குக் குடுத்துக்கல."

அண்ணன் போனை வைத்துவிட்டு, எட்டு மேலங்கிகளையும் வரிசையாகப் பார்த்தார். பாதி வேலைக்கு நாலு பேர். எந்த நாலு பேர்? பாப்பா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முடிவு அவர் முகத்தில் மெதுவாக வந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அண்ணிதான் பிறகு அவளுக்குச் சொன்னாள். எட்டுப் பேரும் வந்தார்களாம். அண்ணன் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நின்றபடியே சொன்னாராம்: வாரத்துக்கு மூன்று நாள்தான், முறை வைத்து, எல்லோருக்கும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண், மூன்று நாளும் காலை முறை கிடைக்குமா என்று கேட்டாள். குடைக்காரர் மட்டும் யோசித்தார். மீதி நாள் நிறுத்தத்தில் உட்காரலாம்தான். ஆனால் எந்த நாளில் மழை வரும் என்று முன்னால் தெரிந்தால் முறையை அதற்குத் தக்கபடி வாங்கிக்கொள்ளலாம்.

"உங்க தங்கச்சி மழையும் பாத்துச் சொல்லுமா மொதலாளி?" என்றாராம்.

அண்ணன் அன்று மாலை உடைந்த குடையை அவரிடமே கொடுத்துவிட்டு, நேர்வழியாக வீட்டுக்கு வந்தாராம்.

அறிக்கை வெளியானது. அமைச்சர் நாலு விரலை விரித்து, ஐந்தாவதை லேசாக அசைத்துக் காட்டினார். மேல்நோக்கு அதை மிகவும் ரசித்தார். அவருடைய பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவர் ஒருநாள் படியேறும்போது பாப்பாவிடம், எப்போது சரியாகும் என்று அவன் கேட்டதற்கு, தெரியவில்லை என்று தான் சொன்னதாகவும், அன்றைக்கு அவன் தன்னோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்ததாகவும் மூச்சு வாங்கியபடி சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு விடுமுறை நாளில் பாப்பா கொட்டகையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்த அண்ணன் கையால் ஃபோனைப் பொத்திக்கொண்டு, "உங்க ஆபீஸ்தான்," என்றார். விடுமுறையிலும் வேலை வாங்குகிறோமே என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அண்ணன் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, பழைய வழக்கப்படி தங்கையின் முகத்தைப் பார்த்தார். பாப்பா எழுந்து, இரண்டாவது மெஷின் ஓடுகிற பக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"அடுத்த மூணு மாசம் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க சார்? மேம்படும், அப்படியே இருக்கும், மோசமாகும்."

"தெரியலம்மா."

"அந்த ஆப்ஷன் இல்ல சார்."

அண்ணன் மெஷினைப் பார்த்தார், தங்கையின் முதுகைப் பார்த்தார், ஓடுகிற அட்டையைப் பார்த்தார். "அப்படியேன்னு போட்டுக்கோ."

"ஆட்கள் எண்ணிக்கை கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

"எட்டு பேர் வந்திருக்காங்க. மூணு மூணு நாளா. பாதி கூடியிருக்கு."

"பாதிக்கு இடம் இல்ல சார். கூடியிருக்குன்னு போட்டுடறேன். நன்றி சார்."

போனை வைத்துவிட்டு அண்ணன் மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "பாப்பா, நான் சரியாத்தானே சொன்னேன்?"

ஒவ்வொரு எழுத்தும் அவள் காதில் விழுந்தது. அவள் மெதுவாகத் திரும்பி, காதருகே கையைக் குவித்துக் காட்டினாள்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலண்ணா."